வெடித்த பிறேமை ஒட்டுவது எப்படி: வன்னியில் பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்போருக்கு முழுமையான வழிகாட்டி

பழைய மோட்டார் சைக்கிளின் பிறேம் ஒரு நாளில் முறிவதில்லை. பெயின்ற்றுக்கு அடியில் மயிரிழை அளவில் ஒரு வெடிப்புத் தொடங்கும். ஒவ்வொரு குழியிலும் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு, நாங்கள் கவனிக்கும்போது பைப்பின் அரைவாசிச் சுற்றைத் தாண்டியிருக்கும். கண்டி வீதியும் பரந்தன்–முல்லைத்தீவு வீதியும் கார்ப்பெற் றோட்டாகிவிட்டன என்பது உண்மைதான். வயலும் தோட்டமும் குளக்கட்டும் இன்னும் கிரவல் றோட்டிலும் வண்டில் பாதையிலும்தான் இருக்கின்றன. 90 சீசீ ஹொண்டாவின் கரியலில் 50 கிலோ உரப்பையைக் கட்டி, அதற்கு முன்னால் இரண்டு பேர் ஏறி, மாரி வெள்ளம் அறுத்த பாதையில் போனால் பிறேம் பாவம், அது என்ன செய்யும்.

இங்கே ஓடும் பழைய மோட்டார் சைக்கிள்களுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெய்யில் ஓடியவை இவை. பாகங்கள் வராத நாட்களில் கையில் கிடைத்த கம்பியாலும் பித்தளையாலும் ஒட்டுப்பட்டவை. சில 2009இல் கைவிடப்பட்டு மழையிலும் உப்புக்காற்றிலும் கிடந்து பிறகு ஓடத் தொடங்கியவை. ஆகவே உங்கள் பிறேமில் ஏற்கெனவே யாருடைய கை, எந்த ஒட்டு இருக்கிறது என்று கண்டுபிடிப்பதும் திருத்த வேலையில் சேர்த்திதான்.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் வெல்டிங் சின்னப் பங்கு. வெடிப்பு ஏன் வந்தது என்று தெரியாமல் ஒட்டினால், ஒட்டு நிற்கும். அதற்குப் பக்கத்து இரும்பு வெடிக்கும்.

வெடிப்பை எங்கே தேடுவது

முதலில் கழுவுங்கள். சேறும் கிறீஸும் போன பிறகு, வெயிலில் வைத்து, கையில் ரோச் லைற்றுடன் சாய்வாக வெளிச்சம் அடித்துப் பாருங்கள். வெடிப்பு பெரும்பாலும் கோடாகத் தெரியாது. பெயின்ற்றில் ஒரு நூல் போட்டது போலச் செம்பழுப்புக் கறள்தான் கண்ணில் படும். வெடிப்பின் இரண்டு முகமும் ஒன்றோடொன்று உரஞ்சுவதால் வரும் தூள் அது. துடைத்துவிட்டு ஒரு கிழமை ஓடிய பின் அதே கோடு திரும்ப வந்தால் சந்தேகமே வேண்டாம்.

பைப் பிறேம் என்றால் தேட வேண்டிய இடங்கள்: ஹான்டில் திரும்பும் கழுத்துப் பைப்புக்குக் கீழே, முன் பைப்பும் மூலைத் தகடும் சேரும் இடம், எஞ்சின் ஆணி பூட்டும் காதுகள், பின் சில்லைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆம் ஓடும் நீள ஆணியைச் சுற்றி, பின் சொக் அப்சோபரின் மேல் முனை, ஸ்ராண்ட் பிடித்திருக்கும் தகடு. ஹொண்டா சீ.ஜி. 125 இல் பிறேமின் அடிப்பக்கம் திறந்திருக்கும். எஞ்சினே பிறேமின் ஒரு பகுதியாக நின்று பாரம் தாங்குகிறது. எஞ்சின் ஆணி ஒன்று தளர்ந்தால் அந்தப் பாரம் முழுக்க முன் பைப்பில் விழும்.

சீ.டி. 90, சீ 70, சீ 90 வகைகள் வேறு. அவற்றின் முதுகெலும்பு பைப் அல்ல. இரண்டு பாதித் தகடுகளை அச்சில் அழுத்தி, விளிம்போடு சேர்த்து ஒட்டிய கூடு. அதில் எஞ்சின் தொங்கும் ஆணித் துளையிலிருந்தும், சொக் மேல் முனையிலிருந்தும், இரண்டு தகடும் சேரும் விளிம்பிலிருந்தும் வெடிப்புக் கிளம்பும். சீற்றைத் தூக்கி, பின் மட்காட்டுக்கு உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். வருடக்கணக்காக அங்கே ஒட்டிக் கிடக்கும் களிமண் ஈரத்தைப் பிடித்து வைத்து, வெளியே பெயின்ற் பளபளக்க உள்ளே தகட்டைத் தின்றிருக்கும். சின்ன உளியின் முனையால் மெல்லத் தட்டுங்கள். "டங்" என்ற சத்தம் "டொக்" என்று மாறும் இடத்தில் இரும்பு மெலிந்துவிட்டது.

ஓட்டும்போதே தெரியும் அறிகுறிகளும் உண்டு. நேரே போகும் மோட்டார் சைக்கிள் ஒரு பக்கம் இழுக்கும். பிறேக் பிடிக்கையில் பெற்றோல் தாங்கிக்கு அடியில் "டிக்" என்று கேட்கும். செயினை எத்தனை முறை நேராக்கினாலும் பல்லுச்சில்லின் ஒரு பக்கமே தேயும்.

ஏன் வெடித்தது

இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும் வரை கிறைண்டரை எடுக்க வேண்டாம். எல்லா எஞ்சின் ஆணிகளையும் சாவி போட்டுப் பாருங்கள். ஒன்றாவது தளர்ந்திருந்தால், அல்லது 8 மில்லிமீற்றர் துளையில் யாரோ 6 மில்லிமீற்றர் ஆணி போட்டிருந்தால், விடை கிடைத்துவிட்டது. பின் சொக் இரண்டையும் கையால் அழுத்துங்கள். ஓயில் போன சொக் அடி முட்டும். ஒவ்வொரு முட்டும் நேரே பிறேமுக்குப் போகும். ஒரு சொக் வேலை செய்து மற்றது செத்திருந்தால் இன்னும் மோசம், பிறேம் முறுகும். ஸ்விங் ஆம் புஷ் தேய்ந்திருக்கிறதா என்று பின் சில்லைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள்.

கரியல் தனிக் கதை. கம்பனி போட்ட கரியலைக் கழற்றிவிட்டு, மீன் பெட்டிக்கும் நெல் மூட்டைக்கும் என்று முறுக்குக் கம்பியில் செய்த பெரிய கரியலைப் பூட்டுவது இங்கே வழமை. பாரம் பின் அச்சுக்கு எவ்வளவு பின்னால் தள்ளிப் போகிறதோ, அவ்வளவுக்கு சொக் மேல் முனையில் நெம்பும். பிறேமை ஒட்டிய பிறகு அதே கரியலைத் திரும்பப் பூட்டுவதென்றால், ஒட்டாமலே விட்டுவிடலாம், காசாவது மிஞ்சும்.

ஒட்டலாமா, விடலாமா

எல்லா வெடிப்பும் ஒட்டத் தக்கதல்ல. கழுத்துப் பைப்பே குறுக்காக வெடித்திருந்தால், மூன்று நான்கு இடத்தில் புதுப்புது வெடிப்பு இருந்தால், தட்டும் உளி உள்ளே இறங்கும் அளவுக்குக் கறள் தின்றிருந்தால், அந்தப் பிறேமை விடுங்கள். நெருப்பில் எரிந்த பிறேமும் அப்படித்தான். மேலே செதில் செதிலாகக் கருகி உரிந்திருக்கும், சூட்டில் வளைந்தும் போயிருக்கும். பெயின்ற் அடித்து விற்றால் வாங்குபவருக்குத் தெரியாது. பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று பிறேம் எடுக்கும்போது இதை நினைவில் வைத்திருங்கள்.

அடுத்தது சேசிஸ் இலக்கம். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் அது கழுத்துப் பைப்பிலோ அதற்குப் பக்கத்திலோ அடித்திருக்கும். பதிவுப் புத்தகத்தில் உள்ள இலக்கமும் அதுவும் ஒன்றாயிருக்க வேண்டும். கிறைண்டர் அந்த இலக்கத்தைத் தொடவே கூடாது. அழிந்த இலக்கத்தைத் திரும்ப அடிப்பது இன்னும் பெரிய வில்லங்கம். வேலை தொடங்க முன் இலக்கத்தைத் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள். வெடிப்பு இலக்கத்துக்குக் கிட்டப் போகிறதென்றால், முதலில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள்.

கழுத்திலும் ஸ்விங் ஆம் ஆணியிலும் வரும் வெடிப்பைப் பழகாத கை தொட வேண்டாம். அங்கே ஒட்டு விட்டால் ஓட்டத்தில் சில்லே கழன்ற மாதிரித்தான். ஸ்ராண்ட் தகடு, கரியல் காது, எஞ்சின் காது என்றால் நல்ல இன்வேட்டர் வெல்டிங் மெஷினும் பொறுமையும் உள்ள ஒருவர் செய்யலாம். கழுத்து வேலையைக் கொடுக்கும் ஆளிடமும் இந்த வழிகாட்டியில் உள்ளவற்றைக் கேட்டுப் பாருங்கள். எரிச்சல்படாமல் பதில் சொல்கிறாரா என்பதிலேயே பாதி தெரியும்.

கழற்றுவது

"அண்ணை, தாங்கியை மட்டும் கழட்டிப்போட்டு ஒட்டித் தாங்கோ, பின்னேரம் வயலுக்குப் போகவேணும்." பட்டறைக்காரர் தினமும் கேட்கும் பேச்சு இது. பிறேமை முழுதாக வெறுமையாக்காமல் ஒட்டுவது வேலையல்ல. பற்றரி, வயறிங், எஞ்சின், தாங்கி, சில்லுகள், முன் போர்க், ஸ்விங் ஆம் எல்லாம் வெளியே வர வேண்டும். கழுத்தில் இருக்கும் குண்டுகளையும் கிண்ணங்களையும் கழற்றுங்கள். வெல்டிங் கரண்ட் அவற்றுக்குள்ளால் ஓடினால் பாதையில் சின்னச் சின்னப் பள்ளம் விழுந்து, பிறகு ஹான்டில் படி படியாகத் திரும்பும். றப்பர் புஷ் எல்லாம் வெளியே. பெற்றோல் தாங்கி பட்டறைக்கு உள்ளேயே இருக்கக் கூடாது. வெறும் தாங்கியில் தங்கும் ஆவிதான் நிறைந்த தாங்கியை விட ஆபத்து. கோடையில் முற்றத்துப் புல்லும் சருகும் காய்ந்து கிடக்கும். கிறைண்டர் பொறி போகும் திசையில் நிலத்தை நனைத்து, ஒரு வாளி தண்ணீரும் மணலும் பக்கத்தில் வையுங்கள்.

கழற்றும் ஒவ்வொரு படியையும் போனில் படம் எடுங்கள். ஆணிகளை இடம் எழுதிய பொலித்தீன் பைகளில் போடுங்கள்.

அளவு எடுப்பது

வெட்டுவதற்கும் ஒட்டுவதற்கும் முன் பிறேம் நேராக இருக்கிறதா என்று அறிய வேண்டும். இதற்குப் பெரிய கருவி தேவையில்லை. கழுத்துப் பைப்புக்குள் இறுக்கமாக நிற்கும்படி நீளமான நேர்ப் பைப் ஒன்றை, இரண்டு பக்கமும் கூம்பு வைத்து, நடுவாகப் பூட்டுங்கள். ஸ்விங் ஆம் துளைக்குள்ளால் நேரான ஒரு ரொட்டை விட்டு, பிறேமின் இரண்டு பக்கமும் சம தூரத்தில், உதாரணமாக 200 மில்லிமீற்றரில், அந்த ரொட்டில் கோடு போடுங்கள். இப்போது இடப்பக்கக் கோட்டிலிருந்து கழுத்துப் பைப்பின் மேல் முனை நடுவுக்கும், வலப்பக்கக் கோட்டிலிருந்து அதே முனைக்கும் அளந்து பாருங்கள். கீழ் முனைக்கும் அதையே செய்யுங்கள். இரண்டு சோடியும் தனித்தனியே சமமாக வந்தால் கழுத்து நடுவில், சாயாமல் நிற்கிறது. ஒன்றிரண்டு மில்லிமீற்றர் வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் என்றால் முதலில் நேராக்க வேண்டும், பிறகுதான் ஒட்டு. இந்த நான்கு அளவையும் சுவரிலேயே எழுதி வையுங்கள்; ஒட்டின பிறகு திரும்பத் தேவைப்படும்.

வெடிப்பின் நுனியைக் கண்டுபிடிப்பது

ஒட்டு தோற்பதற்கு நான் கண்ட முதல் காரணம் இதுதான்: கண்ணுக்குத் தெரிந்த வெடிப்பை ஒட்டிவிட்டு, தெரியாத கடைசி ஐந்து மில்லிமீற்றரை விட்டுவிடுவது. வெடிப்பு அந்த மிச்சத்திலிருந்து திரும்ப நடக்கத் தொடங்கும்.

வெடிப்பைச் சுற்றி ஒவ்வொரு பக்கமும் ஐந்து சென்ரிமீற்றருக்காவது பெயின்ற்றை எடுத்து இரும்பை வெளிக்கொண்டு வாருங்கள். பெயின்ற் நீக்கும் திரவமும் வயர் பிறஷ்ஷும் நல்லது. கரடு டிஸ்க் போட்டு உரஞ்சினால் மென்மையான இரும்பு இழுபட்டு வெடிப்பின் வாயை மூடிவிடும், பிறகு எதுவும் தெரியாது. பழைய பெயின்ற்றில் ஈயம் இருக்கலாம், மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள்.

இதற்கென்றே சிவப்புச் சாயமும் வெள்ளை மருந்தும் சேர்ந்த டின் செற் இருக்கிறது. கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால், றெயில்வே பட்டறைகள் பல காலம் நம்பியிருந்த பழைய முறை ஒன்று உண்டு. அதற்கு மண்ணெண்ணெய்யும் பள்ளிக்கூட வெண்கட்டியும் போதும். மண்ணெண்ணெய்யைத் துணியில் நனைத்து வெடிப்பின் மேல் போட்டு அரை மணித்தியாலம் ஊற விடுங்கள். பிறகு உலர்ந்த துணியால் மேற்பரப்பை நன்றாகத் துடையுங்கள். வெண்கட்டியைத் தூளாக்கி, கொஞ்சம் ஸ்பிரிற்றில் கரைத்து, மெல்லிய பூச்சாகப் பூசிக் காய விடுங்கள். இப்போது பிறேமின் வேறொரு இடத்தை மரச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். வெடிப்புக்குள் ஒளிந்திருந்த மண்ணெண்ணெய் மெல்ல வெளியே கசிந்து வெள்ளையில் கருங்கோடாக ஊறும். எங்கே அந்தக் கோடு முடிகிறதோ, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, அதற்கு இரண்டு மூன்று மில்லிமீற்றர் அப்பால் பஞ்ச் அடித்து அடையாளம் போடுங்கள். சில வேளை ஒரு கோடு இரண்டாகக் கவர் விடும். இரண்டின் நுனியையும் குறியுங்கள்.

அந்த அடையாளத்தில் 3 மில்லிமீற்றர் ட்ரில்லால் துளை போடுங்கள். கூரான நுனியில்தான் இழுவிசை குவிகிறது. வட்டத் துளையில் அது பரவிப் போகும். துளைக்குள் எட்டிப் பார்த்து, மறு விளிம்பில் கோடு தொடரவில்லை என்று உறுதி செய்யுங்கள். தொடர்ந்தால் இன்னும் தள்ளி ஒன்று. துளை மட்டும் போட்டுவிட்டு ஓடுவது திருத்தம் அல்ல, வீட்டுக்குப் போய்ச் சேரும் வழி.

என்ன இரும்பு, என்ன பழைய ஒட்டு

ஜப்பான் சிறு மோட்டார் சைக்கிள்களின் பிறேம் சாதாரண மென் உருக்கு. எல்லா வெல்டிங்கும் பிடிக்கும். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படை ஓட்டிய பி.எஸ்.ஏ. எம் 20 போன்றவற்றில் கதை வேறு: பைப்புகள் வார்ப்பு இரும்பு மூட்டுகளுக்குள் செருகி, பித்தளையால் ஒட்டப்பட்டவை. அந்த மூட்டில் மின்பொறியால் உருக்கும் ஆர்க் வெல்டிங் வைத்தால் ஆறும்போதே ஒட்டுக்கு அருகில் வெடிக்கும். அங்கே காஸ் சுவாலையும் பித்தளைக் குச்சியும்தான் சரி. பித்தளையை அளவு மீறிச் சூடாக்க வேண்டாம்; வெள்ளைப் புகை வந்தால் பித்தளையில் உள்ள நாகம் (துத்தநாகம்) எரிகிறது என்று அர்த்தம், ஒட்டும் பலவீனம், நெஞ்சுக்கும் கேடு.

வன்னியில் கட்டாயம் பார்க்க வேண்டிய விசயம், ஹொண்டாவில் இருக்கும் பழைய பித்தளை ஒட்டு. தடைக் காலத்தில் அதுதான் வழி. வெடிப்பின் வாயில் மஞ்சள் நிறம் கண்டால், அதன் மேல் ஆர்க் வைக்காதீர்கள். உருகிய செம்பும் நாகமும் சூடான உருக்கின் மணிகளுக்கு இடையே ஊடுருவிப் புதிய வெடிப்பை உண்டாக்கும். மஞ்சள் முழுக்கப் போகும் வரை அரத்தால் ராவ வேண்டும். நிறைய ஊறியிருந்தால் அந்தத் துண்டையே வெட்டி எடுத்துப் புதுப் பைப் வைப்பது சுகம்.

ஒட்டுத் தகட்டுக்கும் உள் பைப்புக்கும் எந்த இரும்பு எடுப்பது? தண்ணீர்ப் பைப் வேண்டாம். நாகப் பூச்சு வெல்டிங்கில் துளை துளையாக்கும், புகையைச் சுவாசித்தால் இரவே காய்ச்சல் வரும். லொறியின் வில்லுத் தகடு "நல்ல உரம்" என்று பலர் வைப்பார்கள். அது கரி கூடிய உருக்கு. ஒட்டின ஓரம் கண்ணாடி மாதிரி உடையும். போர்க்கால இரும்பு எதையும் தொடவே வேண்டாம், அது என்ன கலவை என்று யாருக்கும் தெரியாது, வெறும் இரும்புதானா என்றும் தெரியாது. கைவிட்ட இன்னொரு சீ.ஜி. பிறேமின் நல்ல துண்டோ, கடையில் வாங்கும் கறுப்பு மென் உருக்குத் தகடோ போதும்.

எந்த வெல்டிங்

ரிக் (TIG) வெல்டிங், அதாவது ஆகன் காஸ் மறைப்பில் கம்பியைக் கையால் ஊட்டி ஒட்டும் வகை, கிடைத்தால் அதுவே முதல் தெரிவு. மெல்லிய பைப்பில் சூட்டைக் கையில் வைத்திருக்கலாம். மில்லிமீற்றருக்கு 40 அம்பியர் என்பது ஒரு கைக்கணக்கு, 1.6 மில்லிமீற்றர் பைப்புக்கு 60 அம்பியரை ஒட்டித் தொடங்குங்கள். ஆகன் காஸ் சுத்தமானதாக இருக்க வேண்டும்.

மெஷினே கம்பியை ஊட்டும் மிக் (MIG) வெல்டிங் வேகம், பார்க்க அழகு. அந்த அழகில்தான் ஆபத்து. குறைந்த சூட்டில் வைத்தால் மேலே மணி மணியாக உட்கார்ந்திருக்கும், கீழே பிடித்திருக்காது. 0.8 மில்லிமீற்றர் கம்பி போதும். சோளகம் வீசும் மாதங்களில் திறந்த கொட்டிலில் மிக்கும் ரிக்கும் வேண்டாம். காற்று காஸை அள்ளிக்கொண்டு போய் ஒட்டுக்குள் நுரை விழும். தகரம் வைத்து மறையுங்கள்.

ஊர்ப் பட்டறையில் நிச்சயம் இருப்பது குச்சி வெல்டிங்தான். நல்ல கை என்றால் அதுவும் போதும். 6013 இலக்கக் குச்சி, 2 மில்லிமீற்றர் தடிப்பு, 40 முதல் 60 அம்பியர். இன்வேட்டரில் குச்சியை மைனஸிலும் எர்த்தைப் பிளஸிலும் மாற்றிப் போட்டால் மெல்லிய பைப் ஓட்டையாவது குறையும். மாரி காலத்தில் திறந்த பெட்டியிலிருந்த குச்சி ஈரம் குடித்திருக்கும். பழுதான குளிர்சாதனப் பெட்டி ஒன்றுக்குள் சூடாகும் பழைய வகைப் பல்ப் ஒன்றை எரியவிட்டு அதில் குச்சிகளை வைத்திருப்பது நல்ல பழக்கம். வயர் ஓடி முடியும் ஊர்க் கடைசி வீடுகளில் இரவில் கரண்ட் இறங்கும். அம்பியர் முள் ஒன்று சொல்லும், நெருப்பு வேறொன்று சொல்லும். காலையில் ஒட்டுங்கள்.

எதுவாக இருந்தாலும் முதலில் அதே தடிப்புள்ள கழிவுப் பைப்பில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டின பைப்பை, ஒட்டுக்குக் குறுக்காக, நீளப்பாட்டில் வெட்டி, வைஸில் கடித்து, சுத்தியலால் மடக்குங்கள். ஒட்டு உரிந்து வந்தால் அம்பியர் போதாது. ஒட்டு நிற்க, பக்கத்து இரும்பு மடங்கினால் பிறேமுக்குப் போகலாம்.

ஒட்டும் ஒழுங்கு

சுவர் 2 மில்லிமீற்றரும் மேலுமான பைப்பில், வெடிப்பின் முழு நீளத்துக்கும், இரண்டு துளைகளுக்கும் இடையே, மெல்லிய டிஸ்க்கால் வாய் திறந்து, அரத்தால் V வடிவில் ஏறத்தாழ 60 பாகைக்கு வெட்டுங்கள். அடியில் அரை மில்லிமீற்றர் விட்டுவையுங்கள். மெல்லிய தகட்டில் வாய் வெட்டத் தேவையில்லை, சின்ன இடைவெளி போதும். கடைசியாகத் தின்னரால் துடைத்து முழுதாக உலர விடுங்கள். டின்னில் வரும் சில பிறேக் கிளீனர்களில் குளோரின் கலந்த திரவம் இருக்கிறது. ஆர்க் வெளிச்சம் பட்டால் அது கொல்லும் நச்சு வாயுவாக மாறும். அதைப் பட்டறையின் அந்தப் பக்கத்துக்கே கொண்டு வராதீர்கள்.

எஞ்சின் காதுகளோடு சம்பந்தப்பட்ட வேலை என்றால், வெறும் எஞ்சின் கூட்டைப் பூட்டி, துளைகள் இடம் மாறாமல் பிடித்துக்கொண்டு பொட்டு ஒட்டு (தற்காலிகமாகப் பிடிக்கும் சிறு புள்ளி ஒட்டு) வையுங்கள். பிறகு கூட்டைக் கழற்றி விட்டு முழு ஒட்டு. எர்த் கிளிப் ஒட்டுமிடத்துக்குக் கிட்ட, வெறும் இரும்பில் இருக்க வேண்டும்.

ஒட்டு ஆறும்போது சுருங்கித் தன் பக்கம் இழுக்கும். அதனால் வெடிப்புக்கு இரண்டு நுனியிலும், நடுவிலும் பொட்டு வைத்து, கழுத்தின் நான்கு அளவையும் திரும்ப எடுங்கள். சரியென்றால் ஒரு முறைக்கு 15, 20 மில்லிமீற்றர் மட்டும் ஒட்டி, பைப்பின் எதிர்ப்பக்கம் போய், கை வைக்கும் சூட்டுக்கு வந்த பிறகு திரும்புங்கள். தண்ணீர் ஊற்றி ஆற்ற வேண்டாம். குச்சி வெல்டிங் என்றால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடையே கசடைத் தட்டி, வயர் பிறஷ் போட்டு, பிறகு அடுத்தது. கண்ணுக்குப் பத்தாம் இலக்கக் கண்ணாடி. பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகளைத் துரத்திவிடுங்கள்.

ஒட்டின் முதுகைக் கொஞ்சம் ராவி ஓரத்தைப் பைப்போடு வழுவழுப்பாக இணைக்கலாம். பைப்பையே ராவி மெலிய வைக்காதீர்கள். பள்ளம் நிரப்பும் புட்டிப் பசை போட்டு மூடி அழகு பார்ப்பவர் ஏதோ மறைக்கிறார்.

வலுவூட்டுவது

பைப்பின் சுற்றில் பாதிக்கு மேல் வெடித்திருந்தால், ஒட்டு மட்டும் போதாது. உள் பைப் வேண்டும். வெடிப்பு இருக்கும் துண்டை, உள் பைப்பின் நீளத்தை விடக் கொஞ்சம் கூடுதலாக வெட்டி எடுங்கள். அந்த இடத்தில் அதே அளவுப் புதுப் பைப் துண்டு வரும், அதன் இரண்டு சந்திலும் ஒவ்வோர் உள் பைப். 25 மில்லிமீற்றர் பைப் என்றால், அதற்குள் ஆட்டமில்லாமல் வழுக்கிப் போகும் 80 முதல் 100 மில்லிமீற்றர் நீளமான உள் பைப் எடுத்து, இரண்டு முனையையும் நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டுங்கள். பிறேமின் பைப் இரண்டு பக்கமும் அசையாமல் நிற்கும்போது இதை உள்ளே போடுவது எப்படி? பிறேமின் ஒவ்வொரு பக்கப் பைப்புக்குள்ளும் ஒன்றை முழுதாகத் தள்ளிவிட்டு, புதுத் துண்டை நடுவில் வைத்து, பிறேமின் பைப்பில் போட்ட சின்ன நீளத் துவாரத்துக்குள்ளால் ஊசியாணியை விட்டு, நெம்பிப் புதுத் துண்டுக்குள் பாதி நகர்த்த வேண்டும். உள் பைப்பின் நடுவில் முன்கூட்டியே ஒரு கோடு போட்டிருந்தால் அது சரியாகச் சந்தில் வந்து நிற்பது தெரியும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு பைப்பிலும் 8 மில்லிமீற்றர் துளை இரண்டு, ஒரே கோட்டில் வராமல், போட்டு அவற்றை நிரப்பி ஒட்டுங்கள். கடைசியில் இரண்டு சந்தும், ஒன்றரை முதல் 2 மில்லிமீற்றர் இடைவெளியில், உள் பைப்பையும் பிடிக்கும்படி.

வெளியே வைக்கும் தகட்டில்தான் எல்லோரும் பிழை விடுகிறார்கள். 5 மில்லிமீற்றர் தகட்டைச் சதுரமாக வெட்டி நான்கு பக்கமும் ஒட்டினால், "இனி யானை ஏறினாலும் உடையாது" என்பார்கள். தகடு உடையாதுதான். தகடு முடியும் இடத்தில் பிறேம் உடையும், ஏனென்றால் அசையாத கட்டிக்கும் வளைந்து கொடுக்கும் பைப்புக்கும் நடுவில் எல்லா நெளிவும் அந்த ஒரு கோட்டில் குவிகிறது. தகட்டின் தடிப்பு பைப்பின் சுவரை விடக் கூடக் கூடாது. வடிவம் வாழையிலைத் துண்டு மாதிரிச் சதுரமாக வேண்டாம். இரண்டு முனையும் நீண்டு ஒடுங்க வேண்டும். ஒட்டு பைப்பின் நீளப்பாட்டில் ஓடட்டும். பைப்பைச் சுற்றிக் குறுக்காக வளையம் போடக் கூடாது. முனையில் ஒட்டைத் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம். தொடக்கமும் முடிவும் தகட்டின் நீளப் பக்கத்து நடுவில் வரட்டும், முனையைச் சுற்றி நிற்காமல் கொண்டுபோங்கள்.

தகட்டுக் கூட்டுப் பிறேமில், வெடிப்பை ஒட்டிய பிறகு, அதே தடிப்பில் மூலைகள் உருண்ட ஒட்டுத் தகடு ஒன்றைக் கூட்டின் வளைவுக்குத் தட்டிப் பொருத்தி, துளைகள் வழியாகப் புள்ளி புள்ளியாக ஒட்டி, ஓரத்தைச் சிறு துண்டுகளாக மூடுங்கள். முழு ஓரத்தையும் ஒரே மூச்சில் ஒட்டினால் தகடு அலை அலையாய் நெளிந்துவிடும்.

சோதனையும் பெயின்ற்றும்

ஒட்டு ஆறின பிறகு மண்ணெண்ணெய், வெண்கட்டி வேலையை இன்னொரு முறை செய்யுங்கள். ஒட்டின் ஓரத்தில் பள்ளம், நடுவில் ஊசித் துளை, முடிவில் நட்சத்திர வெடிப்பு எது இருந்தாலும் ராவி எடுத்துத் திரும்ப ஒட்டுங்கள். நான்கு அளவையும் சுவரில் எழுதியதோடு ஒப்பிடுங்கள்.

பைப்புக்கு உள்ளேயும் கறள் உண்டு. பிறேமை வெயிலில் காய வைத்து, பைப்பில் திறந்திருக்கும் துவாரத்தின் வழியாக ஓயில் கொஞ்சம் ஊற்றி எல்லாப் பக்கமும் சரித்து ஓட விடுங்கள், ஒட்டு வேலை முழுக்க முடிந்த பிறகு மட்டும். கூட்டுப் பிறேமில் அடியில் இருக்கும் தண்ணீர் வடியும் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து வையுங்கள். கடற்கரைப் பக்கம், முல்லைத்தீவு, நாயாறு, பூநகரி என்று இருப்பவர்கள் இதை விட்டுவிட வேண்டாம்.

ஒட்டின் மேல் முதலில் பிறைமர் மட்டும், அதுவும் வெளிர் நிறத்தில். கறுப்புப் பெயின்ற்றில் கறள்க் கோடு தெரியாது. எஞ்சின் ஆணிகள் எல்லாவற்றையும் புது ஸ்பிரிங் வாசரோடு பூட்டி, 8 மில்லிமீற்றர் ஆணிகளை 20 முதல் 25 நியூட்டன் மீற்றருக்கு இறுக்குங்கள். சொக் புஷ், ஸ்விங் ஆம் புஷ் மாற்றாமல் பூட்டினால் முதற்பாதி வேலை வீண்.

முதல் ஓட்டம் தனியாள், பாரமில்லாமல், நேர் றோட்டில், மெதுவாக. கையை விட்டு ஓட்டிப் பார்க்கும் விளையாட்டு வேண்டாம்; ஹான்டிலை மெல்லப் பிடித்தபடியே எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரியும். 50 கிலோமீற்றருக்குப் பிறகு ஆணிகளைத் திரும்ப இறுக்கி, ஒட்டைச் சுற்றி ரோச் அடித்துப் பாருங்கள். 200 இல் இன்னொரு முறை, இந்த முறை கிரவல் றோட்டில் ஓடிய பிறகு. இரண்டிலும் பிறைமரில் கோடு விழாவிட்டால் நிறப் பெயின்ற் அடிக்கலாம். உரப்பை அதற்குப் பிறகு, அதுவும் கரியலின் பின் முனையில் அல்ல, சீற்றோடு ஒட்டி, ஒன்றுக்கு மேல் இல்லாமல்.